மேடையின் உயரம்

ஒரு பாடகரையோ நடிகரையோ பற்றிப் பேச்சு வந்தால், "ஆள் ரொம்ப சிம்பிள்" என்ற சான்றிதழை உடனே கொடுத்துவிடுகிறோம். "தலைக்கனம் பிடித்தவர்" என்ற தீர்ப்பும் அதே வேகத்தில் வருகிறது. இரண்டுமே பெரும்பாலும் அரை நிமிடப் பழக்கத்தில் பிறந்தவை. விமான நிலையத்தில் கைகொடுத்தார், கல்யாண மண்டபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதை வைத்து ஒரு மனிதரின் குணத்தையே எழுதி முடித்துவிடுகிறோம். ரசிகரை எதிர்கொள்வதைக் குணக்கணக்கில் வைப்பதே பிசகு என்று எனக்குப் படுகிறது. அது ஒரு தொழில் நேர்த்தி. இடம், நேரம், கூட்டத்தின் அளவு, பழக்கம் எல்லாம் கூடி வருவது. ஒரு ஆலாபனையை எடைபோடுகிற நுணுக்கத்தோடு இதையும் எடைபோடலாம். யாருக்குக் கைவந்திருக்கிறது, எங்கே சுருதி விலகுகிறது என்று சொல்லலாம். நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையை அவர் வீட்டாரிடம் விட்டுவிடலாம்.

இதைப் பார்க்க பெங்களூரின் காக்ஸ் டவுன் வசதியான இடம். 1947 வரை ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட கண்டோன்மென்ட்டின் ஒரு மூலை இது. அந்த நிர்வாகத்தில் கலெக்டராக இருந்த ஒரு துரையின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழும் ஆங்கிலப் பாட்டும் ஒரே தெருவில் கேட்டுப் பழகிய பேட்டை. இங்கிருந்து தெற்கே இறங்கினால் அல்சூர். கோயில் திருவிழாவுக்குத் தெருவில் மேடை போடும் ஊர். இன்னும் கொஞ்சம் தள்ளினால் இந்திரா நகர். இசைக் குழுக்கள் வாசிக்கும் சிறிய அரங்குகள் வந்து போகும் இடம். தென்மேற்கே சின்னசாமி ஸ்டேடியம், மேற்கே பேலஸ் கிரவுண்ட்ஸ். இடுப்பளவு மேடையிலிருந்து அறுபதடி மேடை வரை எல்லா அளவுகளும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிடுகின்றன. ரசிகருக்கும் கலைஞருக்கும் நடுவில் இருக்கும் தூரம், மேடை ஏற ஏற எப்படி மாறுகிறது என்பதை ஆட்டோவில் போயே பார்த்துவிடலாம்.

திருவிழா ஆர்கெஸ்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்கும் முதல் நாற்காலிக்கும் நடுவில் தடுப்பு கிடையாது. இரண்டு பாட்டுக்கு இடையில் எழுந்து போய், கீபோர்டு வாசிப்பவரிடம் காதோடு ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு வரலாம். பாடகர் அசல் பாடகரின் குரலில் பாடுகிறவர். தன் சொந்தப் பெயரைவிட அந்தக் குரலின் பெயரால்தான் பேட்டையில் அறியப்படுவார். கேட்ட பாட்டு அவருக்குத் தெரியாவிட்டால், அதே ராகத்தில், அதே காலத்தில் வந்த இன்னொன்றைப் பாடிச் சமாளிப்பார். கேட்டவருக்கும் அது புரியும், சிரிப்பார். அந்தச் சமாளிப்பில் இருக்கும் சாமர்த்தியத்தை நாம் கலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும்.

கர்நாடக இசைக் கச்சேரியில் இதற்கு இன்னும் நயமான ஒரு வடிவம் உண்டு: சீட்டு. சாமராஜப்பேட்டையில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-இல் தொடங்கிய ராமநவமி விழா இன்றும் நடக்கிறது. அந்த மாதிரிப் பந்தல்களில், தனி ஆவர்த்தனம் முடிந்து துக்கடாக்களுக்கு வரும் நேரத்தில், மடித்த காகிதங்கள் கை மாறிக் கை மாறி மேடைக்குப் போகும். பாடுகிறவர் வாயில் சுவரம் நிற்காமல் இருக்க, இடது கையால் சீட்டைப் பிரித்து, ஒரு பார்வை பார்த்து, மைக் அடியில் செருகுவார். சில சீட்டுகளுக்குப் புருவம் ஏறும். சிலதைப் பக்கத்தில் இருக்கும் வயலின்காரரிடம் காட்டுவார். நாலு பாட்டு கழித்து, கேட்ட உருப்படி வரும். எழுதியவர் யார் என்று மேடைக்குத் தெரியாது, எழுதியவரும் எழுந்து நின்று கும்பிடப்போவதில்லை. ஆனால் ஆயிரம் பேர் நடுவில் ஒருவருடைய ஆசை கேட்கப்பட்டு, பதிலும் சொல்லப்பட்டுவிட்டது. கையைத் தொடாமலே நடக்கும் இந்தச் சந்திப்புக்கு இணையான ஒன்றைப் பெரிய ராக் மேடைகளில் அரிதாகவே பார்க்க முடிகிறது. கச்சேரி முடிந்ததும் கிட்டார் மீட்டும் பிக்குகளையும் டிரம்ஸ் குச்சிகளையும் கூட்டத்துக்குள் வீசுகிறார்கள். அதிர்ஷ்டம் இருப்பவர் பிடித்துக்கொள்கிறார். அதுவும் ஒரு உபசாரம்தான், ஆனால் அதில் கேள்வி இல்லை, பதில் மட்டும் இருக்கிறது.

பெங்களூரின் சொந்தக் குழுக்கள் நடு அளவில் வளர்ந்தவை. 1996 இந்த ஊருக்கு நல்ல வருஷம். தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழு அப்போதுதான் கிளம்பியது, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி யார் வேண்டுமானாலும் வந்து கேட்கக்கூடிய ஃப்ரீடம் ஜாம் கச்சேரிகளும் அப்போதே தொடங்கின. தெர்மல் குழுவினர் பிறகு இசைப்பள்ளி நடத்தினார்கள். குழுவின் கிட்டார்காரரைச் சந்திக்க வேண்டுமா, வகுப்பில் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. அகம் குழுவின் கதை வேறு. ஏ.ஆர். ரஹ்மான் முன்னின்று சன் டிவியில் நடத்திய 'ஊ லலலா' போட்டியில் 2007-இல் வென்ற பிறகும், அதன் உறுப்பினர்கள் பல ஆண்டுகள் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். வார நாளில் நம்மைப் போலவே டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிறவரிடம் போய் "உங்கள் பல்லவியில் அந்த இடம்" என்று பேச யாருக்கும் கூச்சம் வராது. இவர்கள் பழக எளியவர்கள் என்று பெயர் வாங்கியதற்குக் குணம் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்கள் வாசித்த அரங்கங்களில் பின்வாசல் என்று ஒன்று இல்லாததும் காரணம். வாத்தியத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டவர்கள் நடுவிலேயே நடந்துதான் வெளியே போக வேண்டும்.

அளவு கூடினால் இதெல்லாம் செல்லாது. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் மெட்டாலிகா ராக் குழு வாசிப்பதாக இருந்தது. முன்வரிசைத் தடுப்பு தாங்கவில்லை, நிகழ்ச்சி ரத்தானது, ஆத்திரத்தில் கூட்டம் மேடையைச் சூறையாடியது. இரண்டே நாளில், 30-ஆம் தேதி, பேலஸ் கிரவுண்ட்ஸில் அதே நால்வர் முழுக் கச்சேரியும் வாசித்து, ஊரே மகிழ்ந்து கலைந்தது. அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நால்வரின் பணிவு கூடிவிடவில்லை. ஏற்பாடுதான் வேறு. 2025 ஜூன் 4-ஐ இந்த ஊர் மறக்காது. ஐபிஎல் கிரிக்கெட்டின் பதினெட்டாவது சீசனில் பெங்களூர் அணியான ஆர்சிபி முதன்முதலாகக் கோப்பை வாங்கிய மறுநாள், அவசர அவசரமாக அறிவித்த பாராட்டுக்குச் சின்னசாமி ஸ்டேடியத்தின் கொள்ளளவைப்போல் பல மடங்கு கூட்டம் வந்தது. வாசல்களில் பதினொரு பேர் நசுங்கி இறந்தார்கள். வீரர்களை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று வந்தவர்கள். சந்திப்பைப் பற்றி எழுதும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது: லட்சம் பேருக்கு "வாருங்கள், பார்க்கலாம்" என்று சொல்வது அன்பு மாதிரித் தெரியும், ஆனால் வாசலையும் நேரத்தையும் எண்ணாமல் சொன்னால் அது அலட்சியம்.

எண்ணிச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2017 நல்ல உதாரணம். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ரஜினிகாந்த் ரசிகர்களைச் சந்திப்பதாக ஏப்ரலில் ஏற்பாடானது. குழுக் குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்வதாகத் திட்டம். ரசிகர்கள் ஒப்பவில்லை, தனித்தனியாக வேண்டும் என்றார்கள். சந்திப்பு தள்ளிப்போனது. மே மாதம் சென்னை கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில், மாவட்டவாரியாக, நாள் பிரித்து, ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்தார்கள். டிசம்பரில் மறுபடியும் நடந்தது. தயவுசெய்து காலில் விழாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதும் அப்போதுதான். பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தவர், வரிசையை நகர்த்தத் தெரியாதவரா என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் இதில் ரசிகர்களின் பிடிவாதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டத்தில் ஒருவனாக அவர்கள் அவரைத் திரையரங்கில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. ஐந்து விநாடியாவது ஒற்றை ஆளாக அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவரும் காரியத்தைச் சுருக்க நினைத்து, பிறகு விட்டுக்கொடுத்தார். விநாடிகள் குறைவு என்று குறை சொல்கிறவர்கள் உண்டு; வரிசையில் நின்றவர்கள் யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரில் செல்ஃபி நிற்கிறது. ஆட்டோகிராஃப் காலத்தில் பேனாவைத் திறக்கவும் பெயரைக் கேட்டு எழுதவும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஒரு வாக்கியமாவது பேசியாக வேண்டும், முகம் பார்த்தாக வேண்டும். செல்ஃபியில் ரசிகர் கலைஞருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், இருவரும் கேமராவைப் பார்க்கிறார்கள். 2018-இல் மதுரையில் ஒரு திறப்பு விழாவில் நடிகர் சிவகுமார் ஒரு இளைஞரின் போனைத் தட்டிவிட்டதும், கண்டனம் கிளம்பியதும், அவர் மன்னிப்புக் கேட்டுப் புதுப் போன் வாங்கிக் கொடுத்ததும் நாடறிந்தது. 2021 தேர்தலன்று வாக்குச்சாவடியில் அஜித் ஒருவரின் போனைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தார். தட்டியதும் பிடுங்கியதும் தப்பு. ஆனால் கேட்காமல் நீளும் கையை யாரும் அந்த அளவுக்கு விவாதிக்கவில்லை. அதே அஜித் 2011-இல் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். கிட்ட வராதே என்பதையும் மரியாதையாகச் சொல்ல முடியும் என்பதற்கு அது சாட்சி. சந்திக்கிற வித்தை தெரியாதவர் சந்திக்காமல் இருக்கிற வித்தையையாவது கற்றுக்கொள்வது நல்லது.

இதெல்லாம் வெறும் வியாபாரம், படம் ஓட வைக்கிற தந்திரம் என்பார்கள். இருக்கட்டும். பாடகரின் குரலும் விலைக்குத்தான் வருகிறது, அதனால் சுருதி பொய்யாகிவிடுமா? விலை எதற்கு என்பதில்தான் என் மறுப்பு. கொரியக் குழுக்களின் கையெழுத்து நிகழ்ச்சிகளில் குலுக்கல் உண்டு. எத்தனை ஆல்பம் வாங்குகிறீர்களோ அத்தனை வாய்ப்பு. ஜப்பானின் ஏகேபி48 பெண்கள் குழு, கைகுலுக்கலையே தொழிலின் அச்சாணியாக்கியது. 2014-இல் அப்படி ஒரு கைகுலுக்கல் கூடத்துக்கு ரம்பத்தோடு வந்த ஒருவன் இரண்டு பெண்களைக் காயப்படுத்தினான். விற்ற நெருக்கத்தின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பது அன்று தெரிந்தது. நம் ஊரிலும் "பழக இனிமையானவர்" என்ற பட்டத்துக்குப் பாடகிகளும் நடிகைகளும் கொடுக்கிற விலை, ஆண்கள் கொடுப்பதைவிட அதிகம். தோளில் விழும் கையைச் சிரித்துக்கொண்டே விலக்க வேண்டிய கட்டாயம் எந்த ஆண் பாடகருக்கும் இல்லை.

கலை போதுமே, கலைஞர் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டுடியோவுக்குள் புகுந்தது. கூச்சலில் தங்கள் வாத்தியம் தங்களுக்கே கேட்காத நிலை. அதற்குப் பின் வந்த பாட்டுகளைக் கேட்டால் கதவைச் சாத்தியது சரி என்றே சொல்வோம். இசையமைப்பாளர் மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது நாம் உள்ளே நுழைய வேண்டியதில்லை. ஆனால் மேடைக் கலை அப்படிப்பட்டதில்லை; எதிரே இருப்பவரின் தலையசைப்பை வாங்கிக்கொண்டு வளர்வது அது. அங்கே ரசிகரை எதிர்கொள்வது கலைக்கு வெளியே இருக்கும் சில்லறை வேலை ஆகாது.

இதற்குச் சிகரமாக நான் கருதுவது எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் ஒரு காணொளி. 2020 செப்டம்பரில் அவர் மறைந்தபோது எல்லார் போனிலும் சுற்றியது. இலங்கையைச் சேர்ந்த பார்வையற்ற ரசிகர் ஒருவர், எஸ்பிபி அந்த அறையில் இருப்பதே தெரியாமல், அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். எஸ்பிபி சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கிறார். பெயர் சொல்லவில்லை, தோளைத் தொடவில்லை. பாட்டில் சேர்ந்து பாடுகிறார். முதலில் அந்த மனிதருக்குப் பிடிபடவில்லை. பிறகு முகம் மாறுகிறது. முன்னேற்பாடு செய்து எடுத்த காட்சிதான், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் எப்போது நுழைய வேண்டும், எவ்வளவு குரல் கொடுக்க வேண்டும், ரசிகரின் பாட்டை அமுக்கிவிடாமல் எப்படி ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த நொடியில் அவரே முடிவு செய்தது. கண் தெரியாதவரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தன் குரலைத் தவிர வேறு எதையும் அவர் பயன்படுத்தவில்லை. பல பத்தாண்டுகள் மைக் முன் நின்ற அனுபவம் இல்லாமல் இது வராது. "நல்ல மனுஷன்" என்று இதைச் சுருக்குவது அவருடைய வித்தையைக் குறைத்துச் சொல்வது.

இந்த வித்தை சின்ன மேடைகளில்தான் பழகும், சின்ன மேடைகளோ நிலைப்பதில்லை. இந்திரா நகரில் 2013-இல் வந்த ஹம்மிங் ட்ரீ 2019-இல் மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் மூடியவை பல. ஸ்டேடியம் டிக்கெட்டுக்கு நள்ளிரவில் வரிசை கட்டுகிற நாம், நடக்கிற தூரத்தில் நூறு பேருக்கு வாசிக்கிறவர்களுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கலாம். அல்சூரில் திருவிழா மேடை போட்டால் நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போடுங்கள். கச்சேரி முடிந்து அவர் இறங்கி வரும்போது போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பாடியதில் ஒரு இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.