நாலு எம்.எல்.ஏ., மூன்று பதில்

2016 சட்டமன்றத் தேர்தலில் தேனி மாவட்டத்தின் நாலு தொகுதியும் அ.தி.மு.க.வுக்கே வந்தன. போடிநாயக்கனூரில் ஓ. பன்னீர்செல்வம், ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன், பெரியகுளத்தில் கதிர்காமு, கம்பத்தில் ஜக்கையன். மேகமலையிலிருந்து சின்னமனூர்ப் பக்கம் இறங்கினாலும் சரி, வருசநாட்டுப் பக்கம் போனாலும் சரி, ஒரே கட்சிதான். அடுத்த பதினாறு மாதத்துக்குள் அந்த நாலு பேர் முன்னாலும் ஒரே கேள்வி வந்து நின்றது: சசிகலா குடும்பத்தின் தலைமையோடு இருப்பதா, வெட்டிக்கொள்வதா?

பன்னீர்செல்வம் முதல் ஆளாக வெட்டிக்கொண்டார். தங்க தமிழ்ச்செல்வனும் கதிர்காமுவும் தினகரன் பக்கம் நின்று பதவியை இழந்தார்கள். ஜக்கையன் தினகரன் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒரு மாநிலக் கட்சியின் பிளவு முழுதும் இப்படி ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிக் கிடப்பதால்தான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பிளவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பெரும்பாலும் இரண்டு சொல்லைச் சுற்றித்தான்: துரோகம், விசுவாசம். மூன்றாவதாக டெல்லி. வெளியிலிருந்து வந்த அழுத்தம் பற்றிய பேச்சை நான் இங்கே எடுக்கவில்லை. கட்சியே பகிரங்கமாக எடுத்த முடிவுகளை மட்டும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். என் கேள்வி சின்னது. பிரிவதா வேண்டாமா என்று இந்தத் தலைவர்கள் எடை போட்டபோது தராசில் எதை வைத்தார்கள்?

முதலில் தேதிகள். 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா மறைவு. விடியும் முன்பே பன்னீர்செல்வம் முதலமைச்சர். டிசம்பர் 29 அன்று வானகரம் மண்டபத்தில் கூடிய பொதுக்குழு சசிகலாவைப் பொதுச்செயலாளராக நியமித்தது. தீர்மானத்தை போயஸ் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் பன்னீர்செல்வமேதான். 2017 பிப்ரவரி 5 அன்று அவர் ராஜினாமா செய்தார். சட்டமன்றக் கட்சித் தலைவராக சசிகலா தேர்வானார். பிப்ரவரி 7 இரவு மெரினா நினைவிடத்தில் தியானம். எழுந்து வந்து, கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்று போட்டு உடைத்தார் பன்னீர்செல்வம். 'தர்மயுத்தம்' தொடங்கியது.

பிப்ரவரி 14 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ய, சசிகலா சிறைக்குப் போனார். போகும் முன் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றக் கட்சித் தலைவராகவும், தினகரன் துணைப் பொதுச்செயலாளராகவும் ஆனார்கள். பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு: ஆதரவு 122, எதிர்ப்பு 11.

இதில் பழனிசாமி அணி அப்போதே சசிகலாவை உதறாததைக் கோழைத்தனம் என்று சொல்வது சுலபம். ஆனால் 234 இடம் கொண்ட அவையில் 122 என்பது நூலிழைதான். கூவத்தூரிலிருந்து வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் நகர்ந்தாலே ஆட்சி போய்விடும். ஆட்சியைக் காப்பது ஒரு கட்சிக்கு நியாயமான கவலைதான், அதை மறுக்க முடியாது. மார்ச்சில் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. ஏப்ரலில், பணப் பட்டுவாடா புகாரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. அதற்குப் பிறகுதான், ஏப்ரல் 18 அன்று, தினகரனையும் அவர் குடும்பத்தையும் ஒதுக்கி வைப்பதாக அமைச்சர்கள் அறிவித்தார்கள். பிப்ரவரியில் கூடவே இருப்பதுதான் லாபம். ஏப்ரலில் கூட இருந்தால் சின்னமே போய்விடும். கணக்கு மாறியது, முடிவும் மாறியது. அவ்வளவுதான்.

அப்படியானால் பன்னீர்செல்வம் அணி? அவர்களிடம் கணக்கு இல்லை, பதினொரு பேர்தான். அதனால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, ஜெயலலிதா மரணத்தில் சந்தேகம், விசாரணை வேண்டும். இரண்டு, அடிப்படை உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுக்குழு நியமிக்க முடியாது.

இரண்டுமே வலுவான காரணங்கள். குறிப்பாக இரண்டாவது. 1972இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்டவர். மேலே உட்கார்ந்திருக்கிற சில பேர் சேர்ந்து ஒருவரை வெளியே தள்ளுவது எப்படி என்று பட்டுத் தெரிந்தவர். அவர் கட்சியில் பொதுச்செயலாளரைத் தொண்டனே தேர்ந்தெடுப்பான் என்று விதி. அந்த விதியை மட்டும் யாரும் திருத்தக் கூடாது என்று இன்னொரு விதி.

சரி, அந்த இரண்டு காரணத்துக்கும் பிறகு என்ன ஆனது?

2017 ஆகஸ்ட் 21 அன்று அணிகள் இணைந்தன. நாலு நாள் முன்னதாக விசாரணை ஆணையம் அறிவிப்பு வந்துவிட்டது. பன்னீர்செல்வம் துணை முதல்வர். விசாரணை கேட்ட அவரே ஆறுமுகசாமி ஆணையத்தின் முன் சாட்சியாகப் போனது 2022 மார்ச்சில். மக்களுக்கு இருந்த சந்தேகம் தீரவே விசாரணை கேட்டதாகவும், சசிகலா மீது தமக்குத் தனிப்பட்ட முறையில் மரியாதை உண்டு என்றும் அப்போது சொன்னார். ஒரு கட்சி உடையக் காரணமாகச் சொன்ன சந்தேகம், ஐந்து வருடம் கழித்து ஊரார் சந்தேகமாக மாறிவிட்டது.

இரண்டாவது காரணத்தின் கதி இன்னும் மோசம். 2017 செப்டம்பர் 12 பொதுக்குழு சசிகலா நியமனத்தை ரத்து செய்தது. தொண்டர்கள் ஓட்டுப் போட்டு ஒரு பொதுச்செயலாளர் வந்தாரா? இல்லை. ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று சொல்லி, அந்த அதிகாரத்தை ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பொதுக்குழு நியமித்தது தப்பு என்று சொல்லிப் பிரிந்தவர், பொதுக்குழு உண்டாக்கிய பதவியில் உட்கார்ந்தார்.

இங்கேதான் என் விமர்சனம். பிரிவை நான் குறை சொல்லவில்லை. ஒரு சர்ச்சைக்குரிய தலைமையிலிருந்து விலக ஒரு கட்சிக்கு எல்லா உரிமையும் உண்டு. காரணத்தைப் பிரிவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, பிரிந்தபின் அதன்படி கட்சியைத் திருத்தாமல் விட்டதுதான் பிரச்சினை. அப்படி விட்டால், அடுத்த முறை அதே கதவு வழியாக நீங்களே வெளியே போவீர்கள்.

போனார். 2022 ஜூலை 11, அதே வானகரம் மண்டபம். பொதுக்குழு பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கியது, பன்னீர்செல்வத்தை நீக்கியது. 2017இல் ஒழித்த பதவி திரும்ப வந்தது. அந்தப் பதவிக்குப் போட்டியிடப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்து வருடம் தலைமைக்கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வந்தது. தொண்டன் ஓட்டுப் போடலாம். யாருக்குப் போடலாம் என்பதை இருபது மாவட்டச் செயலாளர்கள் முடிவு செய்வார்கள். 2023 மார்ச் 28 அன்று பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார்.

இதையெல்லாம் சென்னைச் சமாச்சாரம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் பக்கம் இதற்கு ஒரு விலை இருந்தது. தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் பத்தொன்பது பேர் 2017 ஆகஸ்டில் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஜக்கையன் திரும்பி வர, மிச்சம் பதினெட்டுப் பேரை செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் முடிவு வந்தது 2019 மே 23இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது மாதம். ஆண்டிபட்டிக்கும் பெரியகுளத்துக்கும் அதுவரை எம்.எல்.ஏ. கிடையாது. மாவட்டத்தில் பாதித் தொகுதி! வருசநாடு, மேகமலை காட்டோர ஊர்க்காரர்கள் ரோட்டுக்கும் குடியிருப்புக்கும் வனத்துறையோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறவர்கள். மனு கொடுக்க அவர்களுக்கு ஓர் ஆள் இல்லை. தலைவர்களின் தராசில் சின்னம் இருந்தது, ஆட்சி இருந்தது. இது இருந்ததாகத் தெரியவில்லை.

விசுவாசம் என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2002இல் ஜெயலலிதா சட்டமன்றத்துக்குள் வர ஆண்டிபட்டியைக் காலி செய்து கொடுத்தவர் தங்க தமிழ்ச்செல்வன். முதல்வர் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தவர் பன்னீர்செல்வம். அந்தக் காலத்து விசுவாசத்தின் இரண்டு உதாரணமும் இந்த மாவட்டம்தான். தினகரனுக்காகப் பதவியையே இழந்த தங்க தமிழ்ச்செல்வன் 2019 ஜூனில் தி.மு.க.வில் சேர்ந்தார். 2021இல் போடியில் பன்னீர்செல்வத்திடம் தோற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் தேனியில் அவரே ஜெயித்தார், தோற்றவர் தினகரன். தர்மயுத்தம் நடத்திய பன்னீர்செல்வம் அப்போது தினகரன் இருந்த கூட்டணியில், ராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சை. இவர்களில் யாரையும் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. காரணம் தெளிவில்லாமல் பிரிந்தால் எந்தப் பக்கம் நின்றவருக்கும் நிற்க இடம் இருக்காது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

இதே கட்சி முன்பும் உடைந்திருக்கிறது. அதுவும் இதே பள்ளத்தாக்கில்தான் தீர்ந்தது என்று சொல்லலாம். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் 1989 தேர்தலில் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் போடியில் நின்றார். ஜானகி இரட்டைப் புறாவில், எம்.ஜி.ஆர். கடைசியாக ஜெயித்த ஆண்டிபட்டியில். போடி ஜெயலலிதாவுக்கு. ஆண்டிபட்டி தி.மு.க.வுக்குப் போய்விட்டது. ஜானகி ஒதுங்கிக்கொண்டார், அணிகள் இணைந்தன, இலை திரும்ப வந்தது. அன்றைக்கு எடை போட்டது வாக்காளர். தோற்றவர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். அதனால்தான் அந்த இணைப்பு நிலைத்தது.

இன்னும் பின்னால் போனால் 1949. பெரியார் - மணியம்மை திருமணத்துக்குப் பிறகு அண்ணாவும் நண்பர்களும் பிரிவதா வேண்டாமா என்று இரண்டு மாதத்துக்கு மேல் யோசித்தார்கள். பெரியார் போன்ற ஒருவரை விட்டுப் பிரிவது லேசான காரியமா? காரணத்தைக் கண்ணீர்த்துளிகளாக எழுதி ஊரறியச் சொன்னார்கள். செப்டம்பர் 17 அன்று தி.மு.க. பிறந்தது. பத்திரிகை, சொத்து, அமைப்பு எல்லாவற்றையும் பெரியாரிடமே விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். தலைவர் நாற்காலியையும் அவருக்கென்று காலியாக வைத்தார்கள். 2017இலும் ஒரு நாற்காலி காலியாக வைக்கப்பட்டது, ஜெயலலிதா பெயரில். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 1949இல் பிரிந்தவர்கள் சொத்தை விட்டுவிட்டுக் காரணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். 2017இல் சின்னத்தை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டார்கள். 1967இல் ஜெயித்ததும் அண்ணாவால் நேரே திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்க்க முடிந்தது. ஏன் பிரிந்தோம் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் குழப்பம் இல்லை, அதனால் திரும்பிப் பார்ப்பதிலும் கூச்சம் இல்லை.

"எழுதி வைத்த விதி இருந்தால் மட்டும் போதுமா?" என்று கேட்கலாம். போதாது. 1990இல் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி மார்கரெட் தாட்சரை எழுதி வைத்த விதிப்படி, வாக்கெடுப்பு நடத்தித்தான் இறக்கியது. முதல் சுற்றில் 204க்கு 152 என்று முந்தியும், தேவையான இடைவெளிக்கு நாலு ஓட்டுக் குறைந்தது. இரண்டே நாளில் விலகல் அறிவிப்பு. கசப்பு அந்தக் கட்சியில் பல வருடம் ஓயவில்லை. ஆனால் யார் எந்த விதியில் தோற்றார் என்பதில் சண்டை வரவில்லை, கட்சி அலுவலகத்துக்கு சீல் வைக்கும் நிலையும் வரவில்லை. ராயப்பேட்டையில் 2022 ஜூலையில் அது நடந்தது.

2025 செப்டம்பரில் செங்கோட்டையன், பிரிந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்று கோபிசெட்டிபாளையத்தில் பேசினார். மறுநாளே கட்சிப் பொறுப்புகள் பறிபோயின. அக்டோபர் கடைசியில் கட்சியிலிருந்தே நீக்கம். சேர்ப்பது சரியா தப்பா என்று கட்சி ஒரு கூட்டம் போட்டு விவாதித்து முடிவு சொல்லியிருந்தால், அது பழனிசாமிக்குச் சாதகமாகவேகூட வந்திருக்கலாம். பிரிவதா என்ற கேள்விக்கு 2017இல் நேர்ந்ததேதான் சேர்வதா என்ற கேள்விக்கும் நேர்ந்தது. கேட்டவரை அகற்றினார்கள், கேள்வி அப்படியே கிடக்கிறது.

எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு தலைமையை உதறலாமா என்று யோசிக்கிறவர்கள் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வைக்கட்டும். ஏன் பிரிகிறோம்? அந்தக் காரணம் நாளை நமக்கும் பொருந்துமா? நம் சண்டை முடிகிறவரை தொகுதிக்காரன் யாரிடம் போவான்? முதல் கேள்விக்கு மேடையில் எல்லாரும் பதில் வைத்திருப்பார்கள். இரண்டாவதற்கு அ.தி.மு.க. தலைவர்கள் பதில் வைக்காததன் பலன் ஆறு வருடத்தில் தெரிந்தது: 2016இல் தேனியில் நாலுக்கு நாலு, 2021இல் போடி மட்டும், 2022 ஜூலையில் அந்த ஒரே எம்.எல்.ஏ.வையும் கட்சியே நீக்கியது. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. அதை ஆண்டிபட்டிக்காரர்களும் பெரியகுளத்துக்காரர்களும்தான் கேட்க வேண்டும்.