காகிதமில்லா அலுவலகம்: ஒரு நூல் மதிப்பீடு

வழக்கறிஞர், தணிக்கையாளர், கட்டடக்கலை வல்லுநர் ஆகியோரின் அலுவலகங்கள் விற்பது சரக்கு அன்று, அறிவு. அந்த அறிவு உள்ளே வருவதும் வெளியே போவதும் ஆவணங்களின் வழியாகத்தான். ஆகவே, ‘காகிதத்தை விட்டொழியுங்கள், கணிப்பொறிக்கு மாறுங்கள்’ என்னும் அறிவுரை முதலில் இவர்களின் கதவைத்தான் தட்டுகிறது.

அறிவுரை புதிதன்று. 1975 ஜூன் மாதம் ‘பிசினஸ் வீக்’ என்னும் அமெரிக்க இதழ் எதிர்கால அலுவலகத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தின் தலைவர் ஜார்ஜ் பேக் அதில் தம் கருத்தைக் கூறியிருந்தார். இருபது ஆண்டுகளில் தம் மேசைமீது விசைப்பலகையோடு கூடிய திரை ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தினால் வேண்டிய கோப்பு அதில் தோன்றும் என்றார். அவர் சொன்னபடியே திரை வந்தது, கோப்பும் தோன்றியது. காகிதம் மட்டும் போகவில்லை. ஏன்?

இதற்கு விடை தேடிய நூல்தான் ‘காகிதமில்லா அலுவலகம் என்னும் கட்டுக்கதை’. உளவியலாளர் அபிகெயில் செலன், சமூகவியலாளர் ரிச்சர்டு ஹார்ப்பர் ஆகிய இருவரும் எழுதி, 2001ஆம் ஆண்டின் இறுதியில் எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில நூல் இது. வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் இதை எடை போட்டுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பழைய கோப்புகளை ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைக் கழித்துக் கட்டும் வேலை இன்றும் பல அலுவலகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

காகிதம் உயர்ந்ததா, கணிப்பொறி உயர்ந்ததா என்று நூலாசிரியர்கள் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் எந்தச் செயலுக்கு இடம் தருகிறது என்றுதான் கேட்கிறார்கள். ஜேம்ஸ் கிப்சன் என்னும் அமெரிக்க உளவியலாளரிடமிருந்து பெற்ற கருத்து இது. காகிதம் மெல்லியது, ஆகவே புரட்டலாம், மடிக்கலாம், பத்துத் தாள்களை மேசைமீது பரப்பி ஒரே பார்வையில் காணலாம். அது மையை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே ஓரத்தில் குறிப்பெழுதலாம். கணிப்பொறிக்கு வேறு திறன்கள். ஆயிரம் பக்கங்களில் ஒரு சொல்லைத் தேடித் தரும். நொடியில் கடல் கடந்து அனுப்பும். எழுதியதைச் சுவடின்றித் திருத்தும். ஒன்றின் திறன் மற்றொன்றுக்கு இல்லை. ஆகவே ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால், வேலையின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாமல் நின்றுபோகும்.

இதை மேசையில் அமர்ந்து ஊகிக்காமல், அலுவலகங்களுக்கு நேரில் சென்று கண்டறிந்ததே நூலின் பெருஞ்சிறப்பு. வாஷிங்டனிலுள்ள பன்னாட்டு நிதியத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். அங்குள்ள பொருளியலாளர்களின் வேலை தணிக்கையாளர்களின் வேலையை ஒத்தது. ஒரு நாட்டுக்குச் செல்வது, கணக்குகளைத் திரட்டுவது, அறிக்கை எழுதுவது. கணிப்பொறிக்குக் குறைவில்லாத இடம் அது. ஆயினும் வரைவை ஆராய்வதும், பிறர் எழுதியதில் குறிப்பிடுவதும், கூடிப் பேசுவதும் பெரும்பாலும் காகிதத்திலேயே நடந்தன.

லண்டன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை இன்னொரு சான்று. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சிறு காகிதச் சீட்டு. அதைத் தாங்கும் சட்டம். ஒரு சீட்டைச் சற்றே சாய்த்து வைத்தால், ‘இதைக் கவனி’ என்பது பக்கத்தில் இருப்பவருக்குப் பேசாமலே புரியும். பழமைப் பற்றினால் அவர்கள் சீட்டை வைத்திருக்கவில்லை என்பதை நூல் தெளிவாக நிறுவுகிறது.

இனி, குறைகளுக்கு வருவோம்.

மின்னஞ்சல் புகுந்த நிறுவனத்தில் காகிதச் செலவு சராசரியாக 40 விழுக்காடு கூடுகிறது என்று நூல் கூறுகிறது. பலரும் எடுத்தாண்ட கணக்கு இது. ஆனால் இது கைப்பேசித் திரையும் மலிவான பெரிய திரையும் வருவதற்கு முந்தைய காலத்து அளவீடு. வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் எழுதவும் அச்சிடவும் பயன்படும் காகிதத்தின் தேவை, நூல் வெளிவந்த சில ஆண்டுகளில் சரியத் தொடங்கிவிட்டது. ஆகவே இந்த எண்ணை இயற்கை விதிபோல் இன்று எடுத்துக்காட்டுவது தவறு. அதுபோலவே, காகிதத்தில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்ட சோதனையில் பங்கேற்றவர்கள் பத்தே பேர். படிப்பவர் எப்படிப் படிக்கிறார் என்று கூர்ந்து நோக்க அது போதும். பொது முடிவுக்குப் போதாது.

இவை காலத்தால் நேர்ந்த சிறு குறைகள். பெரிய குறை வேறு.

நூல் கோப்புகளைச் சூடானவை, வெதுவெதுப்பானவை, ஆறியவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. இன்று கையில் இருப்பது சூடான கோப்பு. நேற்று முடிந்தது வெதுவெதுப்பானது. எப்போதேனும் தேவைப்படலாம் என்று அலமாரியில் கிடப்பது ஆறியது. வேலை நடக்கும்போது காகிதம் நல்லது, சேமித்து வைக்கக் கணிப்பொறி நல்லது என்பது ஆசிரியர்களின் முடிவு. கேட்பதற்கு மிகவும் பொருத்தமான பங்கீடு. ஆனால் ஆவணம் என்பது வேலைக்கான கருவி மட்டுமன்று, சாட்சியும்கூட என்பதை இந்தப் பங்கீடு போதிய அளவு கருதவில்லை.

நூல் வெளிவந்த அதே பருவத்தில்தான் என்ரான் நிறுவனத்தின் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தில் காகிதங்கள் கிழிக்கப்பட்டன. கணிப்பொறிக் கோப்புகளும் அழிக்கப்பட்டன. 2002 ஜூனில் அந்நிறுவனம் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நடுவர் குழுவுக்குச் சட்டத்தை விளக்கிய முறை பிழையானது என்று 2005 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அதற்குள் நிறுவனம் குலைந்துவிட்டது. முடிந்துபோன வேலையின் கோப்புகளே அங்கு ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவிதியைத் தீர்மானித்தன. ஆறிய கோப்பு என்று எதையும் அலட்சியமாக ஒதுக்க முடியாது.

ஆண்டர்சனில் அழித்தது மனிதர் கை. யாரும் எதையும் அழிக்க எண்ணாதபோதே சாட்சி மாறிவிடக்கூடும் என்பதை 2013ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டியது. ஜெர்மனியில் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க் சென்டர் வகைப் பொறியில் ஸ்கேன் செய்தார்கள். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன் செய்த படத்திலோ மூன்றும் 14.13! எழுத்து மங்கவில்லை, அச்சடித்தாற்போல் தெளிவாக இருந்தது. டேவிட் கிரீசல் என்னும் கணிப்பொறி அறிஞர் இதை ஆராய்ந்து, ஆகஸ்டு மாதம் வெளியிட்டார். 6 என்பது 8 ஆக மாறும் எடுத்துக்காட்டுகளையும் அவர் காட்டினார்.

காரணம் என்ன? படக்கோப்பைச் சுருக்க அப்பொறியில் ஜெ.பி.ஐ.ஜி.2 என்னும் முறை பயன்பட்டது. இது பக்கத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கும்; ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே வைக்கும். அச்சகத்தில் ஈய எழுத்துக் கோப்பவர் செய்த வேலையைப் போன்றது இது. அறையிலிருந்து தவறான எழுத்தை எடுத்துக் கோத்துவிட்டால், அச்சு தெளிவாகவே விழும்; சொல்தான் தவறாக இருக்கும். மற்றச் சுருக்க முறைகளில் தரம் குறைந்தால் படம் மங்கும். மங்கல் நம்மை எச்சரிக்கும். இங்கு எச்சரிக்கையே இல்லை.

குறைந்த தர அமைப்பில் மட்டுமே இது நேரும் என்று நிறுவனம் முதலில் கூறியது. உயர்தர அமைப்பிலும் நேர்வதைக் கிரீசல் காட்டியபின் பிழையை ஒப்புக்கொண்டு, திருத்திய மென்பொருளை வழங்கியது. ஆனால் அந்தத் திருத்தம் அதற்குமுன் ஸ்கேன் செய்த கோப்புகளைச் சீராக்காது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 2015இல் ஆவணக் காப்புக்கு இம்முறை விலக்கப்பட்டது.

இந்தப் பிழை எப்படிக் கண்ணில் பட்டது என்பதில்தான் பாடம் இருக்கிறது. வரைபடத்தில் பெரிதாகத் தெரிந்த அறைக்கும் சிறிய அறைக்கும் ஒரே பரப்பு போட்டிருந்தது. ஒரே செய்தி, கோட்டில் ஒருமுறையும் எண்ணில் ஒருமுறையும் இருந்ததால் ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுத்தது. மேலும், அது வேலையில் இருந்த வரைபடம். மனிதக் கண் அதன்மீது இருந்தது. அதே தாள் ஆறிய கோப்பாகி, ஆயிரம் தாள்களோடு பொறிக்குள் சென்று, மூலம் கிழிபட்டிருந்தால்? ஆக, எந்தக் கோப்பைக் கணிப்பொறிக்குத் தயங்காமல் தரலாம் என்று நூல் கூறுகிறதோ, அந்தக் கோப்பில்தான் பிழை எவர் கண்ணிலும் படாமல் உறங்கும். நூலாசிரியர்கள் தம் ஆய்வுகளில் பலவற்றைச் செய்தது ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது என்பதையும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

‘கணிப்பொறிக் கோப்புக்கு விரல்ரேகைபோல் ஒரு சரிபார்ப்பு எண் உண்டே, ஓர் எழுத்து மாறினாலும் அது காட்டிவிடுமே’ என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த எண் ஸ்கேன் முடிந்தபின் உருவாவது. அதன்பின் நேரும் மாற்றத்தையே அது காட்டும். பிறவியிலேயே தவறான 14.13ஐ அது அப்பழுக்கின்றிக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே ஓர் அலுவலகம் காகிதத்தைக் கழிக்குமுன் செய்ய வேண்டியவை சில. துண்டுகளை மாற்றி வைக்கும் சுருக்க முறையைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் சில தாள்களைக் குருட்டாம்போக்கில் உருவி, மூலத்தோடு எண் எண்ணாக ஒப்பிட வேண்டும். கூட்டுத்தொகை உள்ள பட்டியலைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நீள அகலம் தெரிந்த அறையின் பரப்பைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். சட்டமும் பணமும் தொங்கும் மூலங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இதனால் காகிதம் களங்கமற்றது என்று ஆகிவிடாது. அது தீக்கும் வெள்ளத்துக்கும் கறையானுக்கும் இரையாகும். வேண்டுமென்றே கிழிக்கவும் படும். பொறி மாறுவதற்குமுன் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள் என்னும் செலன், ஹார்ப்பர் இருவரின் அறிவுரை இன்றும் உறுதியாக நிற்கிறது. ஆங்கிலம் படிக்க இயன்ற மாணவர்கள் இந்நூலை அவசியம் படிக்க வேண்டும். ஓர் அலுவலகத்தை அறிவியல் கண்ணோடு எப்படிப் பார்ப்பது என்று அது கற்றுத் தரும். காகிதம் எந்தச் செயலுக்கு இடம் தருகிறது என்று நூல் கேட்டது. இந்தப் படி மூலத்தை ஒத்திருக்கிறது என்று யார் உறுதி சொல்வது என்னும் இரண்டாவது கேள்வியைப் படிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு விடை கிடைக்கும்வரை மூலத்தைக் கிழிக்க வேண்டா.