துக்க வீட்டில் ஒரு ‘மாமா’

‘மாமா, ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க. அத்தை செம கெத்து மாமா. விடுங்க.’ மனைவியை இழந்து உட்கார்ந்திருக்கும் மாமனாரிடம் இருபத்தைந்து வயது மருமகன் இப்படித் துக்கம் விசாரித்தால் கூடியிருக்கும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ‘எழவு வீட்ல பேசுற பேச்சா இது?’ இந்தச் சுளிப்பை மரபின் குரல் என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. யாருடைய மரபு என்று கேட்டாக வேண்டும்.

துக்கத்திற்கென்று கண்ணியமான ஒரு மொழி தமிழில் என்றென்றும் இருந்து வந்ததாக ஒரு நம்பிக்கை. ‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ எல்லாம் அச்சும் மேடையும் கட்சி அறிக்கையும் புழக்கத்தில் விட்ட சொல்லாடல். இழவு வீட்டிற்குள் ஒலித்தது பேச்சு மொழிதான். ஒப்பாரி வைக்கும் பெண் செத்தவரைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வதில்லை. சீர் செய்யாத அண்ணனையும் வாழவிடாத மாமியாரையும் அந்தச் சாக்கில் இழுத்துப்போட்டு வைவாள். வடசென்னையின் மரண கானா தெருக் கொச்சையிலேயே பாடப்படுவது. உழைக்கும் மக்களின் துக்கத்திற்குக் கொச்சை இழுக்காக இருந்ததில்லை.

இதைவிட முக்கியம் அந்த ‘மாமா’. இளைஞர் பேச்சின் விளிகளைப் பாருங்கள்: மச்சான், மச்சி, மாமா, மாமு, மாப்ள. பெரும்பாலும் சம்பந்த உறவுச் சொற்கள். தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார் மூவருக்கும் நம்மிடம் ஒரே சொல். திராவிட உறவுச்சொற்களின் இந்த அமைப்பை மண உறவின் வெளிப்பாடாக லூயி துய்மோன் 1953இல் விளக்கினார். கொண்டு கொடுக்கும் முறையுள்ள மச்சான்மார்களுக்கிடையே கேலி பேச உரிமை உண்டு. அந்த உரிமையைத்தான் டீக்கடை பெஞ்சும் கல்லூரி விடுதியும் கடன் வாங்கிக்கொண்டன. சாதி பார்க்காமல் யாரும் யாரையும் மச்சான் எனலாம், நிஜமாகவே பெண் கட்டாத வரைக்கும். கட்டியதற்காக 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

மாமனார்–மருமகன் உறவோ கேலி உறவல்ல. வயதில் மூத்தவர் இளையவனுக்கு எழுந்து நிற்கிற விசித்திரமான உறவு அது. பெண்ணைக் கொடுத்த குற்றத்திற்காகக் கடைசிவரை கடன்பட்டவர் மாமனார். மனைவியின் பிணம் கூடத்தில் கிடக்கும்போதும் ‘மாப்பிள்ளை காப்பி குடிச்சாரா?’ என்று அவர்தான் விசாரித்தாக வேண்டும். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் மகள் பாடு என்னாவது? மரியாதையான மொழி இந்தப் படிநிலையை இழவு நாளிலும் குலையாமல் காப்பாற்றுகிறது. நண்பனிடம் பேசுகிற பேச்சை மாமனாரிடம் பேசுகிறவன், தன்னையறியாமலேயே, மாப்பிள்ளை முறுக்கைக் கழற்றி வைக்கிறான். அன்றைக்கு ஒரு நாளாவது அவர் பெண்ணைப் பெற்றவராக இல்லாமல் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவராக இருக்கலாம்.

அதற்காக அவன் பேசியது அத்தனையும் சரி என்றாகிவிடாது. ‘ஃபீல் பண்ணாதீங்க’, ‘விடுங்க’ இரண்டும் கட்டளைகள். ஃபீல் பண்ணுவது என்றாலே தமிழில் வருத்தப்படுவது என்றாகிவிட்டது. அதையும் செய்யாதே என்கிறான். ‘மனசைத் தேத்திக்குங்க’, ‘ஆம்பளை, நீங்களே இப்பிடி உடைஞ்சா எப்பிடி?’ என்று பெரியவர்கள் சொல்வதும் இதையேதான். ஆண் அழக்கூடாது என்பதில் இரண்டு தலைமுறைக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. முகம் சுளித்தவர்கள் சுளித்திருக்க வேண்டிய இடம் இது. சுளிக்க மாட்டார்கள்.

தேறுவது நடுவாக்கியம் மட்டும்தான். ‘தங்கமான மனுஷி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல’ என்று ஊர் பாடும் புகழ்ச்சியில் அடங்கிப்போனவளாக ஆக்கப்படுகிற ஒருத்தி, ‘செம கெத்து’ என்றதும் எழுந்து நிற்கிறாள். ரேஷன் கடையில் எடை குறைந்ததற்குச் சண்டை போட்டவள். சீட்டுப் பணத்தை ஒரு தவணை விடாமல் வசூலித்தவள். புருஷனையே நாலு பேர் முன்னால் ‘நீ சும்மா இரு’ என்றவள். மாமனாருக்கு இது மருமகனைவிட நன்றாகவே தெரியும். பேசவிட்டால் அவரே இன்னும் நாலு கதை சொல்வார்.