தலைப்பிலே தீர்ப்பு!

துவாக்குடிப் பேருந்து நிறுத்தத்தருகே ஒரு தேநீர்க் கடை. காலை ஏட்டைப் பலர் பங்கிட்டுக்கொண்டு படிக்கும் நேரம். ஒருவர் கையிலே முதற்பக்கம், இன்னொருவர் மடியிலே விளையாட்டுப் பக்கம்; எனக்குக் கிடைத்தது மாவட்டச் செய்திகள் தாங்கிய நடுத்தாள். அதிலே அடுத்தடுத்து இரண்டு திருட்டுச் செய்திகள். "இரும்புக் கம்பி திருட்டு: வடமாநில வாலிபர் சிக்கினார்!" என்று கொட்டை எழுத்திலே ஒன்று. "மோட்டார் திருட்டு: இருவர் கைது" என்று அடக்கமாக மற்றொன்று.

முதல் திருடனுக்குத் தலைப்பிலேயே திசை உண்டு. பெயர்கூட நான்காவது வரியிலேதான் வருகிறது. திசை முந்திக்கொண்டு வருகிறது! இரண்டாவது செய்தியிலே வருபவர்கள் நம்மவர்கள். ஆகவே அவர்களுக்கு ஊரில்லை, மொழியில்லை, வெறும் 'இருவர்'. "தமிழ் வாலிபர்கள் சிக்கினர்" என்று எந்த ஏடாவது எழுதுமா? எழுதினால்தான் நாம் விட்டுவிடுவோமா!

"பாத்தியா தம்பி, இவனுங்கள உள்ள விட்டதே தப்பு" என்றார் அருகிலிருந்த பெரியவர். அடுத்த செய்தியைச் சுட்டிக் காட்டினேன். "அது ரெண்டு களவாணிப் பயலுக வேலை" என்று முடித்துவிட்டார். ஒரே பக்கம், ஒரே குற்றம். அங்கே ஒரு கூட்டமே குற்றவாளி. இங்கே இரண்டு பயல்கள் மட்டும்! பெரியவரை நான் குறை கூறேன். அவருக்கு அப்படி எண்ணக் கற்றுக் கொடுத்தது அந்தத் தலைப்பு.

இந்தத் தலைப்புக் கலை ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குத் தென்கொரியாவின் கதை அறியத்தக்கது. அங்கே ஆங்கில மோகம் நம் மோகத்தைத் தோற்கடிக்கும். ஆங்கிலம் பயிற்றும் தனிப்பயிற்சிக் கூடங்கள் தெருவுக்குத் தெரு; அவற்றுக்கு அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து இளைஞர்கள் ஆசிரியர்களாக வந்து குவிந்தனர். வந்தவர்களின் ஒழுக்கத்தைக் கண்காணிப்பதாகக் கூறிக்கொண்டு 2005ஆம் ஆண்டு ஒரு குழு கிளம்பிற்று. போதைப்பொருள், பெண் மயக்கம், நோய் பரப்பல் என்று அந்தக் குழு சொன்னவற்றையெல்லாம் ஏடுகள் ஆர்வத்துடன் அச்சேற்றின. சான்று எங்கே என்று கேட்டவர் சிலரே.

2007ஆம் ஆண்டு அக்டோபரில், கொரியாவில் ஆசிரியராக இருந்த கனடா நாட்டவர் ஒருவர், சிறுவர்களைச் சீரழித்த குற்றத்துக்காகத் தாய்லாந்தில் பிடிபட்டார். கொடியவர்தான், ஐயமில்லை, தண்டனையும் பெற்றார். ஆனால் அவரைத் தேடிப் பிடிக்கக் காரணமான படங்களிலே இருந்த கொடுமை நிகழ்ந்தது வியட்நாமிலும் கம்போடியாவிலும். ஆயினும் என்ன! கொரிய அரசு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் அனைவருக்கும் புதிய விதி வகுத்தது. முன்குற்றச் சான்று காட்டவேண்டும் என்றது. அது நியாயமே, குழந்தைகளிடம் பழகுவோர் எவரிடமும் கேட்கலாம். போதைப்பொருள் சோதனையும் எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ளவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. ஒருவர் செய்த குற்றத்துக்கும் ஆயிரமாயிரம் பேரின் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? இதைவிட வேடிக்கை: அதே வகுப்பில் அதே பாடம் நடத்தும் கொரியருக்கு இந்த எச்.ஐ.வி. சோதனை இல்லை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவராயினும் கொரிய வம்சத்தில் பிறந்திருந்தால் அவருக்கும் இல்லை! நோய்க்கிருமி வம்சாவளி பார்த்துத்தான் வரும் போலும்!

உல்சான் நகரில் பணியாற்றிய நியூசிலாந்து ஆசிரியை ஒருவர், 2009ஆம் ஆண்டு மறுமுறை சோதனைக்கு அழைக்கப்பட்டபோது, "மாட்டேன்" என்றார். வேலை நீடிக்கப்படவில்லை. அவர் ஓயவில்லை, ஐக்கிய நாடுகள் அவையின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழுவரை சென்றார். இதற்கிடையே, 2012 மே மாதம், கொரியாவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களுள் ஒன்றான எம்.பி.சி., அயல்நாட்டு ஆடவரோடு பழகும் கொரியப் பெண்களின் 'அதிர்ச்சி உண்மை' என்றொரு நிகழ்ச்சியை ஒளிபரப்பிக் கண்டனம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 2015 மே மாதம் அந்தக் குழு ஆசிரியைக்குச் சார்பாகக் கருத்துரைத்தது. சோதனைக்குப் பொதுச் சுகாதாரக் காரணம் எதுவும் இல்லை என்றதோடு நிற்காமல், அதிகாரிகளும் செய்தி நிறுவனங்களும் அயல்நாட்டவர்மீது முத்திரை குத்தும் போக்கையும் எதிர்த்து நடவடிக்கை எடுக்குமாறு கூறிற்று. 2017ஆம் ஆண்டு சோதனை ஒழிந்தது. பத்தாண்டுகள்! ஒரு தலைப்பு எழுதப் பத்து நிமிடம். அதை அழிக்கப் பத்தாண்டுகள்!

அந்த ஆசிரியைக்குப் படிப்பு இருந்தது, தூதரகம் இருந்தது, ஜெனீவா போய் முறையிட வழி இருந்தது. துவாக்குடித் தொழிற்பேட்டைப் பட்டறையிலே இரும்புத் தகட்டை வளைக்கும் பீகாரத் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்? அவனைப் பற்றி ஏடு எழுதுவதைப் படிக்கக்கூட அவனால் இயலாது.

இதே துவாக்குடியிலே, தஞ்சைச் சாலையோரம், 1964ஆம் ஆண்டு வட்டாரப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் நிற்கிறது. அங்கே பாதி இடங்கள் பிற மாநிலத்தாருக்கு. பாட்னாவிலிருந்து வந்து அங்கே படிப்பவன் 'மாணவர்'. அதே பாட்னாவிலிருந்து வந்து பட்டறையிலே உழைப்பவன் 'வடமாநில வாலிபர்'. இருவரும் ஒரே ரயிலில் வந்திருக்கலாம். ஆனால் சந்தேகம் ஒருவன்மீதுதான். ஆக, ஏடு அஞ்சுவது வடக்கைக் கண்டல்ல, வறுமையைக் கண்டு! பிறப்பிலேயே குற்றவாளி என்று மக்களைப் பதிந்து வைத்த 1871ஆம் ஆண்டு தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் ஒழிந்தது. சட்டம் போயிற்று, சட்டத்தின் கண் போகவில்லை.

நம்மவர் அயலூரில் இருக்கும்போது இந்தப் பார்வை எப்படிச் சுடும் என்பது திருச்சி வட்டாரத்துக்குத் தெரியாததா? 2013 டிசம்பர் 8 அன்று, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி மாண்டார். கலவரம் மூண்டது, ஈடுபட்டோர் சில நூறு பேர். தீ வைத்ததும் கல்லெறிந்ததும் குற்றமே. வழக்கும் வந்தது, ஐம்பதுக்கு மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் அன்று தன் அறையிலே சோறு பொங்கிக்கொண்டிருந்த தொழிலாளியும் மறுநாள் சந்தேகப் பார்வைக்குத் தப்பவில்லை. அப்போது நாம் என்ன சொன்னோம்? "சிலர் செய்ததற்கு எல்லாரையும் பழிக்கலாமா?" என்றோம். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைத் திருச்சி விமான நிலையத்திலே இறங்கியவுடன் ஏன் மறந்துவிடுகிறோம்?

2023 மார்ச்சில் நிலைமை தலைகீழாயிற்று. தமிழ்நாட்டிலே பீகாரத் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று வடநாட்டில் படங்கள் பரவின. சில இந்தி ஏடுகளும் அதை மெய்யென்றே எழுதின. தமிழகக் காவல்துறை விளக்கியது: ஒரு படம் பீகாரத் தொழிலாளர் தமக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவை வாசிகள் தமக்குள் மோதிக்கொண்டது! பீகார் அரசு அனுப்பிய குழுவும் வந்து பார்த்து அமைதியுற்றுத் திரும்பியது. பொய்யால் தமிழன் கொலைகாரனாக்கப்பட்டபோது நம் இரத்தம் கொதித்தது, கொதித்தது முறையே. ஆனால் அதற்குச் சில வாரம் முன்பு, திருப்பூரில் நடந்த ஒரு கைகலப்பின் படத்தை வைத்துக்கொண்டு "வடவர் தமிழரை விரட்டியடிக்கிறார்கள்" என்று பரப்பியவர்கள் நம்மவர்களே அல்லவா!

வட ஆதிக்கத்தை எதிர்ப்பவர்கள் நாம். டில்லியின் மொழித் திணிப்பை எதிர்ப்போம். நிதியிலே நமக்கு இழைக்கப்படும் ஓரவஞ்சனையைக் கேட்போம். அந்த வழக்கிலே மூட்டை சுமப்பவன் எதிரியல்ல. அவனைத் திட்டிவிட்டு ஆதிக்கத்தை எதிர்த்ததாக மார்தட்டும் இளைஞர் சிலரை இப்போது அடிக்கடி காண்கிறேன். தோழர்களே, அது மிக மலிவான வீரம்.

குற்றச் செய்தியே வேண்டாம் என்று எவரும் கேட்கவில்லை. திருடினவன் பெயரைப் போடட்டும், ஊரையும் உள்ளே போடட்டும். எல்லாத் திருடனுக்கும் போடட்டும். நமது படிப்பகங்களிலே ஒரு மாதத்து ஏடுகளையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். குற்றச் செய்திகளை எண்ணுங்கள். தலைப்பிலே ஊரோ திசையோ ஏறியவை எத்தனை, ஏறாதவை எத்தனை, அந்த வழக்குகளிலே விடுதலையானபோது மறுபடி தலைப்பு வந்தவை எத்தனை என்று தனித்தனியே குறியுங்கள். கணக்கை ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள். ஒரு படி எனக்கும்.

தேநீர்க் கடைப் பெரியவரிடம் அதைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். "கொண்டா தம்பி, பாப்போம்" என்றார், நம்பாமலே.