யோசிப்பவர் யார், செய்பவர் யார்?

பாடநூல்களைப் படித்தால் மேலாண்மைக் கொள்கைகள் வரிசையில் நின்று ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வந்தவைபோலத் தோன்றும். ஆலைக்குள் போனால் எல்லாம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வேலையைப் பற்றி யோசிக்கும் உரிமையை ஒரு கொள்கை யாரிடம் கொடுக்கிறது?

அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரிடம் இதில் ஒளிவுமறைவு கிடையாது. யோசிப்பது திட்டப் பிரிவின் பொறுப்பு, செய்வது தொழிலாளியின் பொறுப்பு. 1911இல் வந்த அவருடைய நூலில் பெத்லஹேம் எஃகு ஆலைக் கதை பிரபலம். 92 பவுண்டு வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து ரயில் வேகனில் ஏற்றும் ஆள், நாளொன்றுக்குச் சுமார் 12.5 டன் ஏற்றுவார். சொன்னபோது தூக்கி, சொன்னபோது உட்கார்ந்த ‘ஷ்மிட்’ 47.5 டன் ஏற்றினாராம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. இந்த வேலைக்கு மாட்டுக்கு நிகரான மந்தபுத்தி உள்ளவனே ஏற்றவன் என்கிறார் டெய்லர். போகிற போக்கில் அவரே இன்னொன்றும் சொல்கிறார்: ஷ்மிட் சிறு மனை வாங்கி, வேலைக்கு வருமுன்பும் வேலை முடிந்த பின்பும் தன் கையாலேயே வீட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். மனை வாங்கவும் நேரம் ஒதுக்கவும் சுவர் எழுப்பவும் தெரிந்தவருக்கு இரும்பைப் பற்றி மட்டும் யோசிக்கத் தெரியாதா? (கதையில் மிகை நிறைய என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.) அதே 1911இல் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள், டெய்லர் முறையில் வேலை நேரத்தை அளந்த ஸ்டாப்வாட்சை எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். ஆனாலும் வாரும் பொருளுக்கேற்ற மண்வெட்டி, இடையிடையே ஓய்வு என்று கணக்குப் பார்த்தவரும் டெய்லர்தான். அவரை முழுக்கத் தள்ளிவிட முடியாது.

பிரான்சில் ஆன்றி ஃபயோல், சுரங்க நிறுவனமொன்றை முப்பது ஆண்டு நடத்திய அனுபவத்தை 1916இல் 14 கோட்பாடுகளாக வகுத்தார். எல்லாம் மேலாளர் நாற்காலியிலிருந்து பார்த்தவை. நம் கல்லூரித் தேர்வுகளில் அவருக்குக் கிடைக்கும் இடம் சற்று அதிகம் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொலைபேசிக் கருவி ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளில், ரிலே பொருத்திய பெண்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அக்கறை காட்டினால் உற்பத்தி கூடும் என்பது அதிலிருந்து எடுத்த பாடம். அதிகம் பேசுகிறார்கள் என்று அவர்களில் இருவரை நடுவில் மாற்றியதை வகுப்பறையில் யாரும் சொல்வதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, தொலைபேசி இணைப்புகளுக்கு வயரிங் செய்த 14 ஆண்களின் அறை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே எழுதாத கணக்கு வைத்திருந்தார்கள். யாராவது வேகம் காட்டினால் பக்கத்திலிருப்பவர் மேல்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவார். உற்பத்தி கூடினால் துண்டுக்கூலியைக் குறைப்பார்கள் என்ற பயம். ஆய்வாளர்கள் இதைப் பெரும்பாலும் உணர்ச்சியின் வேகம் என்றே வாசித்தார்கள். எனக்கோ அது, திட்டப் பிரிவுக்குத் தெரியாமல் ஷாப் ஃப்ளோரில் நடந்த திட்டமிடல்.

தொழிலாளியின் அந்த மூளையை வெளிப்படையாக வேலைக்குள் அழைத்தது ஜப்பானின் டொயோட்டா. அதன் பொறியாளர் தைச்சி ஓனோவின் ஏற்பாட்டில் கோளாறைக் கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். ஸ்டாப்வாட்ச் அங்கே ஒழிந்துவிடவில்லை, கை மாறியது. வேலை முறையை எழுதும் பொறுப்பு ஷாப் ஃப்ளோருக்கே வந்தது. ஜப்பானில் வேரூன்றிய இந்தத் தர மரபின் டெமிங் பரிசை 1998இல் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வென்றது. இந்தியாவுக்கு அதுவே முதல்.

அதற்கு வெகுமுன்பே, 1953இல், அகமதாபாத் காலிகோ மில்லில் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் ஒரு சோதனை செய்தார். ஆளுக்கொரு துண்டு வேலை என்று சிதறிக்கிடந்த தானியங்கித் தறிக்கூடத்தில், சிறு குழுவிடம் தறிகளை மொத்தமாக ஒப்படைப்பது. குழுக்களைத் தொழிலாளர்களே அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது. 1970இல் அதே நிறுவனத்தின் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது, பின்னர் குழுமுறைக்கு மாறியிருந்த சாதாரணத் தறிக்கூடம் ஒன்றில் அது அப்படியே இருந்தது. தானியங்கித் தறிக்கூடத்தில் அது பழையபடி ஆளுக்கொரு வேலையாகிவிட்டிருந்தது.