விடியோ விளையாட்டுக் கதைகளும் இரண்டாம் பாகத்தின் கடனும்

ஒரு கதை நிறைவெய்திய பின்னர் அதனைத் தொட்டுத் தொடரும் மற்றொரு கதையை ஆக்குதல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்றே வழங்கி வருகிறோம். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மாதவி துறவு பூண்டிருக்கும் நிலையில் மணிமேகலை தொடங்குகிறது. இந்திர விழாவில் ஆட வாராத தாயையும் மகளையும் ஊர் பழிக்கிறது. மாதவியோ தான் பெற்ற மகளைக் கண்ணகியின் மகளாகவே கருதிப் பேசுகிறாள். முன்னைக் காப்பியத்தின் துயரத்தைப் பின்னைக் காப்பியம் தொடக்கத்திலேயே தன் கடனாக ஏற்றுக்கொள்ளும் அழகு இது. ஆயினும், கண்ணகியின் சீற்றத்தை நெஞ்சில் சுமந்து வரும் வாசகர், பல சமயத்தாரும் தத்தம் கொள்கைகளை விரித்துரைக்கும் 27ஆம் காதையை எட்டும்போது சற்றே களைப்புறுவதும் உண்டு. தொடர்ச்சி தரும் நிறைவு, தொடர்ச்சி தரும் ஏமாற்றம் ஆகிய இரண்டும் நமக்குப் பழகியவையே.

இதனை ஈண்டு நினைவூட்டக் காரணம் உண்டு. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில், வளர்ந்த பிள்ளைகள் கைக்கருவியைப் பற்றிக்கொண்டு திரைமுன் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். 'விளையாட்டு' என்னும் ஒரே சொல்லால் அதனை ஒதுக்கிவிடுகிறோம். பந்தயமும் பந்தாட்டமும் அவற்றுள் பல என்பது மெய்யே. ஆனால் வேறு சில, முப்பது மணி நேரம் நீளும் கதைகள். அவற்றில் மாந்தர் உண்டு, உரையாடல் உண்டு, அவலம் உண்டு. அவற்றுக்கு இரண்டாம் பாகம் வெளிவருங்கால், 'கெடுத்துவிட்டார்கள்' என்று ஒரு சாராரும், 'இதைவிட உயர்ந்த கதை இல்லை' என்று மற்றொரு சாராரும் இரவெல்லாம் வாதிடுகின்றனர். அது முழுக்க முழுக்க ஓர் இலக்கிய வழக்கு. அவ்வழக்கில் சான்றாண்மையோடு ஒரு சொல் சொல்லத் தக்க மூத்தோர், அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இக்கலையின் இயல்பை விளக்க நம் அடுக்களைக்கே செல்லலாம். கனடாவின் டொரொண்டோ நகரில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா' என்னும் சிறு விளையாட்டு, 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவிற்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். வெண்பாவின் அன்னை கொடுத்தனுப்பிய சமையற் குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது, வரிகள் அழிந்துவிட்டன. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும், புட்டுக் குழலில் எதனை முன் இட வேண்டும் என்பவற்றை ஆடுபவரே உய்த்துணர்ந்து செய்தாக வேண்டும். நாவலாசிரியர் 'அவள் இட்லி வார்த்தாள்' என்று எழுதுவார். நாம் படித்துச் செல்வோம். இங்கோ வார்ப்பது நம் கை. அழிந்த வரியை மீட்கத் தடுமாறுவதும் நம் கையே. புலம்பெயர்ந்தோரின் இழப்பு என்று மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதனைக் கையால் தடவிப் பார்க்கச் செய்தது இச்சிறு படைப்பு. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024இல் சிறந்த முதற்படைப்புக்கான விருதினை இதற்கு அளித்தது.

கதையின் வினையில் கேட்பவர் கையும் கலந்திருப்பதே இக்கலையின் தனித்தன்மை எனலாம். எனவே, இதன் இரண்டாம் பாகத்திற்கு நூல்களின் இரண்டாம் பாகத்திற்கு இல்லாத ஒரு கடன் வந்து சேர்கிறது. முதற்பாகத்தில் நாம் செய்தவற்றை அது நினைவில் வைத்திருக்கிறதா? இந்த ஒரு வினாவைக் கொண்டே இத்தகைய தொடர்ச்சிகளின் நிறைகுறைகளை அளந்துவிட முடியும் என்று கருதுகிறோம்.

இக்கடனைத் தலைமேல் ஏற்று முழங்கியது 'மாஸ் எஃபெக்ட்' என்னும் முத்தொகுதி. கனடாவின் எட்மண்டன் நகரத்துப் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இதன் மூன்று பாகங்களையும் வெளியிட்டது. விண்கலத் தலைவர் ஷெப்பர்டாக நின்று நாம் எடுக்கும் முடிவுகள் ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்திற்குச் செல்லும். முதற்பாகத்தில் ரெக்ஸ் என்னும் வீரன், தன் இனத்தின் மலட்டு நோய்க்கு மருந்து இருப்பதாக நம்பும் ஓர் இடத்தை நாம் அழிக்கப் புகும்போது எதிர்த்து நிற்கிறான். சொல்லால் அவனை இணக்கலாம். இயலாவிடில் அவன் மாண்டுபோவான். ஐந்தாண்டுகள் கழித்து மூன்றாம் பாகத்தில், அவன் உயிரோடிருந்தால் தன் இனத்திற்கு நல்ல தலைவனாக வந்து நிற்கிறான். இறந்திருந்தால் அவ்விடத்தில் போர்வெறி கொண்ட ரீவ் நிற்கிறான். அந்த மருந்தினை அவ்வினத்திற்கு வழங்கலாமா என்னும் கேள்வியின் நிறமே மாறிவிடுகிறது. முற்பிறப்பின் வினை மறுபிறப்பில் வந்து உறுத்துவதை மணிமேகலையில் படித்த நமக்கு இது அயலான கற்பனை அன்று.

ஆனால் அம்முத்தொகுதி தன் வாக்கை முழுமையாகக் காக்கவில்லை. முதற்பாகத்தில் ராக்னி என்னும் இனத்தின் கடைசி அரசியைக் கொல்வதா, விடுவதா என்று நெடுநேரம் தயங்கி ஒரு முடிவெடுக்கிறோம். கொன்றிருந்தாலும் மூன்றாம் பாகத்தில் அவளிடத்தில் செயற்கையாகப் படைக்கப்பட்ட வேறொருத்தி வந்துவிடுகிறாள்! கதைக்கு அப்பாத்திரம் வேண்டியிருந்தது. நம் தயக்கம் வேண்டியிருக்கவில்லை. இறுதியில் நிகழ்ந்ததோ இன்னும் வறியது. நட்பும் இரக்கமும் துரோகமும் ஆகிய யாவும் போர்வலிமை என்னும் ஓர் எண்ணாகக் கூட்டப்பட்டு, சிவப்பு, நீலம், பச்சை என மூன்று வழிகளின் முன் நாம் நிறுத்தப்பட்டோம். எவ்வழி சென்றாலும் காட்சிகள் பெரிதும் ஒன்றே. வாசகர் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் விரிவாக்கப்பட்ட முடிவு ஒன்றை நிறுவனம் விலையின்றி வழங்கியது. அச்சினத்தைச் செல்லம் கொடுத்துக் கெட்ட இளைஞரின் அடம் என்று சிலர் எழுதினர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. ஐந்தாண்டுகள் எழுதிய கணக்கேட்டைக் கடைசிப் பக்கத்தில் ஒரே தொகையாக்கி மூடினால், கணக்கு எழுதியவர் கேட்கத்தான் செய்வார். 2017இல் வந்த நான்காம் படைப்பு வேறொரு விண்மீன் மண்டலத்திற்கே ஓடிவிட்டது. பழைய கடன்களை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' சென்ற வழி வேறு. 2010இல் வந்த முதற்பாகத்தில் ஜான் மார்ஸ்டன் என்னும் பழைய கொள்ளைக்காரன் இறுதியில் சுட்டுக் கொல்லப்படுகிறான். 2018இல் வந்த இரண்டாம் பாகமோ காலத்தில் பின்னோக்கி 1899ஆம் ஆண்டிற்குச் சென்று, அவனுடைய கூட்டத்தில் இருந்த ஆர்தர் மார்கனின் கதையைச் சொல்கிறது. முடிவு முன்னரே தெரிந்த கதையில் சுவை ஏது என்பார்க்கு, இராமகாதையை ஆண்டுதோறும் கேட்கும் நாட்டினராகிய நாம் விடை கூற வேண்டியதில்லை. ஈண்டு நாம் சுட்ட விரும்புவது ஒரு நிகழ்ச்சியை. வட்டிக்கு வாங்கிய கடனை வசூலிக்க ஆர்தர் ஓர் ஏழை உழவனை அடிக்கிறான். அடிக்காமல் கதை நகராது. அடிப்பது நம் கை. அடிபட்டவன் இருமுகிறான், குருதி ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. நெடுநேரம் கழித்து ஆர்தருக்குக் காசநோய் என்று மருத்துவர் சொல்லும்போதுதான், அந்த இருமல் நம் நினைவிற்கு வருகிறது. பிறகு அவ்வுழவனின் கைம்பெண்ணையும் மகனையும் சந்திக்கிறோம். உதவலாம், உதவாமலும் போகலாம். வினையைக் கட்டாயமாக்கியவர்கள் அதன் பின்னர் வரும் நாட்களை நம்மிடம் விட்டுவிட்டனர். இப்பெருந்தன்மை அப்படைப்பு முழுவதும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கதைப் பணிகளில் குறித்த பாதையிலிருந்து சில அடி விலகினாலே 'தோல்வி' என்று அறிவித்துவிடும் கண்டிப்பு, பரந்த வெளியைப் படைத்தவர்களுக்கு அழகன்று.

இனி, இவ்வழக்குகள் யாவற்றிலும் பெரியதாகிய 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்னும் படைப்பிற்கு வருவோம். கலிபோர்னியாவின் நாட்டி டாக் நிறுவனம் 2013இல் முதற்பாகத்தையும் 2020இல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. (இதுவும் முன் சொன்ன ரெட் டெட் கதையும் பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு உரியவை, பெற்றோர் இதனை மறத்தலாகாது.) பூஞ்சை நோயால் உலகம் சீர்குலைந்த காலம். தன் மகளை இழந்து இருபது ஆண்டுகள் கல்லாகிக் கிடக்கும் ஜோயல், நோய்க்கு ஆட்படாத எல்லி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியைப் பாஸ்டனிலிருந்து மேற்கே அழைத்துச் செல்கிறான். அவள் மூளையிலிருந்து மருந்து காணலாம். ஆனால் அவள் உயிர் போகும். இதனை அறிந்த ஜோயல் மருத்துவமனையில் கண்டவரையெல்லாம் சுட்டு அவளை மீட்கிறான். அறுவை அறையில் ஒரு மருத்துவர் சிறு கத்தியோடு குறுக்கே நிற்கிறார். அவரைக் கொல்லாமல் கதை நகராது. ஆனால் அவ்வேளையில் ஆடுபவருள் பலர் தயங்கவே இல்லை. அதுதான் படைப்பின் வெற்றி. எல்லியோடு ஓராண்டு நடந்திருக்கிறோம். இடிந்த நகரில் ஒட்டகச்சிவிங்கியைக் கண்டு அவளோடு மெய்ம்மறந்து நின்றிருக்கிறோம். அறிவு நியாயம் பேசுமுன் கை முந்திவிடுகிறது. பின்னர் ஜோயல் அவளிடம் பொய் சொல்கிறான், அவள் 'சரி' என்கிறாள், கதை முடிகிறது. அந்த ஒற்றைச் சொல்லில் நம்பிக்கை எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்று இன்றளவும் வாதிடுகின்றனர்.

இரண்டாம் பாகம் அக்கத்திக்காரரைத்தான் நினைவில் வைத்திருந்தது. பெயரின்றி நம் கையால் வீழ்ந்த அம்மருத்துவருக்கு ஏபி என்றொரு மகள் இருந்தாள். அவள் வந்து, எல்லியின் கண்முன் ஜோயலை அடித்துக் கொல்கிறாள். பழிவாங்கச் சியாட்டில் நகருக்கு எல்லி செல்கிறாள். மூன்று நாட்கள் எல்லியாக நடந்து முடித்ததும், அதே மூன்று நாட்களை ஏபியாக நடக்கும்படி கதை நம்மைத் திருப்பிவிடுகிறது. இவ்வளவு துணிவோடு முதற்பாகத்தின் கடனை ஏற்ற தொடர்ச்சி வேறொன்றை நாம் அறியோம். வெளியீட்டிற்கு முன்பே கதை கசிந்து, ஆடிப் பாராதோரும் வைதனர். ஏபிக்குக் குரல் தந்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இது திறனாய்வு அன்று. நாணத் தக்க செயல். பெண்ணொருத்தி வன்தோளினளாக வருவதைப் பொறாதார் கூச்சலும் அதில் கலந்திருந்தது.

எனினும், கூச்சலை நீக்கிய பின்னரும் எஞ்சும் குறை ஒன்று உண்டு. எல்லியாக இருக்கும்போது ஆலிஸ் என்னும் நாயைக் கொல்கிறோம். பொத்தானை அழுத்தியே தீர வேண்டும். பிறகு ஏபியாக மாறி, அதே ஆலிஸுக்குப் பொம்மையை எறிந்து விளையாடுகிறோம். 'பார், நீ செய்ததை' என்று படைப்பு நம் தோளைத் தட்டுகிறது. செய்யச் சொன்னவர் யார்? முதற்பாகத்தின் அறுவை அறையில் கட்டாயமும் நம் விருப்பமும் ஒன்றாயிருந்தன. ஆகவே குற்றமும் நமதாயிற்று. இங்கே கட்டாயம் அவர்களுடையது, குற்றம் மட்டும் நம்முடையது. நாடக அரங்கில் ஏபியாக நின்று எல்லியைத் தாக்கும்படி ஆக்கப்படும் இடத்தில், கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டோர் பலர். நெஞ்சு விலகிய பின் கையை மட்டும் இழுத்துச் சென்று பயன் என்ன? ஒரு பக்கத்தில் வைத்த துயரத்திற்கு ஈடாக மறுபக்கத்தில் மற்றொன்றை எடைபோட்டு வைக்கும் இக்கணக்கு, பகையின் கொடுமையை உணர்த்துவதற்குப் பதிலாகக் கதாசிரியரின் தராசை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

அதே படைப்பில், தராசை மறந்துவிட்ட இடமும் உண்டு. ஜோயல் எல்லிக்கு ஒரு கிதார் கொடுத்துக் கற்பித்திருந்தான். கதையின் இடையிடையே அதனை மீட்ட வாய்ப்புத் தரப்படுகிறது; கைக்கருவியின் தொடுபரப்பில் விரலை இழுத்தால் நரம்புகள் ஒலிக்கும். எந்தப் பயனும் இல்லை, புள்ளிகள் இல்லை, விரும்பிய மட்டும் மீட்டிக்கொண்டிருக்கலாம். இறுதியில் ஏபியோடு கடற்கரையில் நிகழும் போரில் எல்லி இடக்கையின் இரு விரல்களை இழக்கிறாள். பகைத்தவளைக் கொல்லாமல் விட்டுவிட்டு வெறிச்சோடிய வீட்டிற்குத் திரும்புகிறாள். கிதார் அங்கே கிடக்கிறது. ஆடுபவர் முன்போலவே விரலை இழுக்கிறார். நரம்பினை அழுத்த அவளுக்கு விரல் இல்லை. சுரம் பாதியில் அறுந்து அறுந்து ஒலிக்கிறது. யாரும் நம்மைக் குற்றஞ்சாட்டவில்லை, உரையாடலும் இல்லை. மறுமுறையும் இழுத்துப் பார்க்கிறோம். அவள் கிதாரைச் சன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு வெளியே நடக்கிறாள்.