நம்மாழ்வார் எங்கள் சீனியர்!

எந்தக் காலேஜ் என்று யாராவது கேட்டால் "அண்ணாமலை, அக்ரி" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள என்னால் முடிவதில்லை. "இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் படித்தாரே, அதே இடம்" என்று சேர்த்துச் சொன்னால்தான் மனசு அடங்கும். உரக்கடையில் சொல்லியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், வங்கியில் பயிர்க்கடனுக்குக் கையெழுத்துப் போடும்போதும் சொல்லியிருக்கிறேன். கேட்பவர் முகம் மலரும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே மறுபடி மறுபடி சொல்லலாம்.

எங்கள் ஊர் திருமுட்டத்தில் பஸ் ஏறினால் காட்டுமன்னார்கோயில், லால்பேட்டையில் வீராணம் ஏரி, அப்புறம் குமராட்சி, சிதம்பரம். ரயில் பாதையைத் தாண்டினால் அண்ணாமலை நகர். 1920-ல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கியதை ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் பல்கலைக்கழகமாக்கினார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னை ரொம்ப தூரம், கோவை அதைவிட தூரம். காலையில் பழைய சோறு சாப்பிட்டுக் கிளம்பி, பொழுது சாய வீடு திரும்பக்கூடிய பல்கலைக்கழகம் இது ஒன்றுதான். இப்படிப் பக்கத்திலேயே இருந்ததால் அதன் அருமை எனக்கு உடனே தெரியவில்லை. வேளாண்மைப் புலத்தின் வயல்களில் இறங்கி நடந்தபோது, இதே படிப்பைப் படித்துவிட்டுப் போனவர் நம்மாழ்வார் என்று ஒரு அண்ணன் சொன்னார். அன்று ஏறிய பெருமிதம் இன்றுவரை இறங்கவேயில்லை.

அவர் வாழ்க்கையைக் கேளுங்கள். திருக்காட்டுப்பள்ளி பக்கம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர். இங்கே பி.எஸ்சி. அக்ரி முடித்து 1963-ல் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் சேர்ந்தார். அரசு வேலை! எங்கள் ஊரில் அதற்காகக் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவார்கள். அங்கே பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எத்தனை இடைவெளி விடலாம், எவ்வளவு ரசாயன உரம் போடலாம் என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். வானத்தைப் பார்த்து விதைக்கும் மானாவாரிக் குடியானவனால் வாங்க முடியாத விதையையும் உரத்தையும் வைத்துச் செய்யும் ஆராய்ச்சி அவனுக்கு எதற்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. 1969-ல் வேலையை விட்டார். நோபல் பரிசு பெற்ற பெல்ஜியப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய அமைதித் தீவு அமைப்பில் சேர்ந்து, களக்காட்டுக் கிராமங்களில் சுமார் பத்து வருடம் மக்களோடு இருந்தார். அதற்குப் பிறகு இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராக நடையும் பேச்சும்தான்.

முன்னாள் மாணவர் விழா என்றாலே பெரிய பதவிக்குப் போனவர்களுக்குத்தான் பொன்னாடை. போர்த்தட்டும், அவர்களும் உழைத்து வந்தவர்கள்தான். ஆனால் கிடைத்த பதவியைக் கழற்றி வைத்துவிட்டு, படித்த படிப்பை அப்படியே குடியானவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்த மாணவனுக்கு எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் தகும் என்பேன்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் கடல்நீர் ஏறி வயலெல்லாம் உப்பாகிக் கிடந்தபோது, அந்த மண்ணை மீட்க இறங்கியவர்களில் அவர் முன்னால் நின்றார். கடைசி நாட்களில் டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் உயிர் விட்டார். பின்னாளில், 2020-ல், டெல்டாவில் இப்படிப்பட்ட புதுத் திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதில் எங்கள் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை வட்டாரங்களும் உண்டு. நான் காலேஜுக்குப் போன பஸ்ஸின் ஜன்னலில் பார்த்த வயல்களுக்காகவும் சேர்த்துத்தான் எங்கள் சீனியர் நடந்திருக்கிறார்! இதை எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கிய வானகத்துக்குப் போயிருக்கிறேன். அவர் உடலை விதைத்ததும் அங்கேதான். வறண்ட மலையடிவாரம், மழை குறைந்த இடம். அங்கே நிலத்தைச் சும்மா வெயிலில் காய விடவே மாட்டார்கள். எங்கு பார்த்தாலும் மூடாக்கு. ஒரு மரத்தடியில் சருகை விலக்கிப் பார்த்தேன். மண் கறுத்து, ஈரம் கசிந்து, விரலை வைத்தால் உள்ளே போகிறது. மண்புழு நெளிகிறது. புத்தகத்தில் அங்ககக் கரிமம் என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்த நாள் அது.

ஊர் திரும்பியதும் எங்கள் கொல்லையில் பலதானிய விதைப்பு போட்டேன். வருஷா வருஷம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டுப் போட்டு இறுகிப்போன செம்மண். சோளம், கம்பு, தினை, சாமை ஒரு பங்கு. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஒரு பங்கு. எள், ஆமணக்கு, சூரியகாந்தி ஒரு பங்கு. சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு ஒரு பங்கு. கொத்தமல்லி, கடுகு, வெந்தயம் கொஞ்சம். எல்லாவற்றையும் கலந்து கோடை மழையில் விதைத்துவிட்டு, பூவெடுக்கும் நேரத்தில் அப்படியே மடக்கி உழ வேண்டும். பூத்து நின்ற கொல்லையைப் பார்க்க வேண்டுமே! மஞ்சளும் வெள்ளையுமாக, வண்டு இரைச்சலோடு, தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. "இதையா உழுது அழிக்கப் போறே?" என்று பெரியப்பா பதறினார். உழுதோம். அடுத்து போட்ட மல்லாட்டையைப் பிடுங்கியபோது மண் உதிர்ந்து வந்தது. பெரியப்பாவே ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். அடுத்த கோடையில் அவர் கொல்லையிலும் சணப்பு பூத்தது.

எங்கள் ஊர்ப் பெருமாள் பூவராகர், பூமியைத் தூக்கி வந்தவர். அவருக்குக் கோரைக்கிழங்கில் உருண்டை பிடித்துப் பிரசாதம் செய்வார்கள். களை என்று நாங்கள் கொத்திக் கொத்தி எறிகிற கோரை! எந்தச் செடியையும் எதிரியாகப் பார்க்காத நம்மாழ்வாரை எங்கள் ஊர்க்காரர் என்று நான் சொந்தம் கொண்டாடுவதற்கு இது ஒன்று போதாதா?

எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பெருமை சேர்த்தவர் அவர் ஒருவர்தானா? தனிநாயகம் அடிகளைச் சொல்லாமல் எப்படி விடுவது? யாழ்ப்பாணம் ஊர்காவற்றுறைக்காரர். ரோமில் இறையியல் படித்துக் குருவானவர், முப்பது வயது தாண்டிய பிறகு 1945-ல் அண்ணாமலை நகருக்குத் தமிழ் மாணவராக வந்து சேர்ந்தார். இங்கே சங்கப் பாடல்களின் இயற்கையை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர், அந்தத் தமிழை உலகமெல்லாம் தூக்கிக்கொண்டு நடந்தார். 1952-ல் 'தமிழ்க் கல்ச்சர்' இதழ், 1964-ல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. 1679-ல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை மறுபதிப்பாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். படித்ததை இதைவிட யார் திருப்பிக் கொடுக்க முடியும்?

கீழ்வெண்மணிப் படுகொலையைப் பின்புலமாக வைத்துக் 'குருதிப்புனல்' எழுதிய இந்திரா பார்த்தசாரதி இங்கே தமிழ் எம்.ஏ. படித்தவர். நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே தமிழ் படித்து, பின்னால் கல்வி அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். பெயர் சொல்லச் சொல்ல நீளும்.

பெயர் தெரியாத முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள், ஐயா. 1979-ல் தொலைதூரக் கல்வி தொடங்கிய பிறகு, "அண்ணாமலையில் கரஸ்ல படிச்சேன்" என்று சொல்கிறவர் இல்லாத தெரு எங்கள் பக்கம் கிடையாது. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தபாலில் வந்த பாடப் புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்த அக்கா ஒருவர் எங்கள் தெருவில் உண்டு. டிகிரி வாங்கி, பி.எட். முடித்து, டீச்சரானார். இன்றும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணை நிறையப் பிள்ளைகள். டியூஷன் ஃபீஸ் கிடையாது. நான் படித்த அதே பல்கலைக்கழகத்தின் பட்டம் அவர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது என்று நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அக்ரி கடைசி வருஷப் பிள்ளைகள் பயிற்சிக்காகக் கிராமத்தில் தங்குவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் விடமாட்டேன், நேராகக் கொல்லைக்கு அழைத்துப் போய்விடுவேன். போன முறை வந்த ஒரு பெண் கேள்வி மேல் கேள்வி. ஏக்கருக்கு எத்தனை கிலோ, உழவு எத்தனையாவது நாள், செலவு என்ன என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு தயங்கிக்கொண்டே, "அண்ணா, எங்கப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கு. இந்த விதை லிஸ்ட்டை வாட்ஸப்பில் அனுப்புவீங்களா?" என்றாள். அங்கேயே நின்று அனுப்பினேன். அந்தக் கோடையில் அவள் அனுப்பிய போட்டோவில் சணப்பு இடுப்பளவு நின்றது.